நல்ல செய்தி மட்டும்

பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆய்வுத் துறையில் ஜெனிட்டாதான் கடைக்குட்டி. மணல்துறைக் கடலோரத்தைப் பற்றிய ஆய்வறிக்கையை அவள் தலையில் கட்டித்தான் கோட்டைக்கு அனுப்பினார்கள். செயலாளர் ஆதிமூலம் அந்தத் தடித்த கட்டைத் தொடக்கூட இல்லை.

"இத யாரும்மா படிப்பா? மந்திரி கூட்டத்துல நான் வாசிக்க ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடு. நல்ல செய்தி மட்டும்தான் இருக்கணும். பொய்யும் இருக்கக் கூடாது, அப்புறம் என் தலைதான் உருளும்."

"சரிங்க சார்" என்றாள் ஜெனிட்டா.

எழுதிக் கொடுத்ததை முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் ஆதிமூலத்துக்குக் கிடையாது. கூட்டத்தில் எழுந்து நின்று கணீரென்று வாசித்தார்.

"மணல்துறையில் நானூறு ஏக்கர் நிலம், ஒரு வழக்குகூட இல்லாமல் கைமாறப் போகிறது. எடுத்துக்கொள்பவர் நம்மிடம் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. வேலையும் ஏற்கெனவே தொடங்கிவிட்டது."

வழக்கம்போல எல்லோரும் கைதட்டினார்கள். மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரமாதம்யா. எந்தக் கம்பெனி?"

ஆதிமூலம் கடைசி வரிக்குப் போனார். குரல் இறங்கிவிட்டது. "வங்காள விரிகுடா, ஐயா."

அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய்யில்லாம நல்ல செய்தி கேட்டாங்க ஐயா. கடல் பக்கம் நின்னு எழுதினாத்தான் அப்படி வருது. ஊர் பக்கம் நின்னு எழுதினது சார் மேஜையில இருக்கு. இன்னும் கயிறு பிரிக்கல."

மந்திரி கட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஒரு தெருவின் படம் இருந்தது.

"இது எங்கேம்மா இருக்கு?"

"நான் பிறந்த தெருங்க ஐயா. போன புயல்லயே கைமாறிடுச்சு."