வரையாட்டுக்குப் புல் சுமந்த நரி

மேற்கு மலைச் சரிவில் ஒரு வரையாட்டு மந்தை இருந்தது. அதில் துள்ளி என்று ஓர் இளம் பெண் ஆடு. செங்குத்துப் பாறையில் பந்தயம் கட்டித் தாவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் வழுக்கி விழுந்தாள். காயம் ஆறியது. பின்னங்கால் முட்டியில் நோவு மட்டும் தங்கிவிட்டது.

“இந்த வயசுலயே மூட்டுவலியா? அது கிழட்டு ஆட்டுக்குத்தானே வரும்!” என்று மந்தை சிரித்தது. துள்ளிக்கு அழுகையாக வந்தது.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெருமழை தொடங்குமுன் மந்தை உச்சிப் பாறைக்கு ஏறிவிடும். ஏற முடியாமல் கீழே தங்கிய ஆட்டை அடுத்த வெயில் காலத்தில் யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு நரி வந்தது, வாயில் ஒரு கற்றைப் புல்லோடு!

“தங்கச்சி, தேஞ்ச முட்டியை உழைக்க விட்டா இன்னும் தேயும்! நீ அசையாமப் படு. அண்ணன் எதுக்கு இருக்கேன்?”

நரி எப்போதிலிருந்து புல் பறிக்கிறது என்று துள்ளி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வலியில் கிடப்பவருக்கு இனிக்கப் பேச ஒருவர் கிடைத்துவிட்டால் வேறெதுவும் தோன்றாது. தின்றாள், படுத்தாள், மறுபடி தின்றாள்.

வலி குறையவில்லை. தொடைதான் சூம்பியது. ஒரு காலையில் தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கியவள், திரும்பக் கரையேற முடியாமல் நின்றுவிட்டாள்.

ஓடைக்கல்லில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. துள்ளி வயசுதான் அதற்கும். வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு.

“ஏன்டி, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். உனக்கு நரி புல் சுமக்குதா? காலைப் பாரு, குச்சியா இருக்கு! மூட்டுக்குத் துணை சதைதான். சதை வத்திப்போனா மூட்டு தனியாப் பாரம் சுமக்கும். நோகாம என்ன செய்யும்?”

“இப்போ என்னை என்ன செய்யச் சொல்றே?”

“தோப்புக்கரணம் போடு!”

“நானா? நான் என்ன தப்பு பண்ணேன்?”

“படுத்துக் கிடந்தியே, அது போதாதா? காதைப் பிடிக்க வேண்டாம், போடு!”

நரி இல்லாத நேரமெல்லாம் பயிற்சி நடந்தது. துள்ளி பின்னங்காலைப் பாதி மடக்கி உட்காருவாள், எழுவாள். தாழ்ந்த கல்லில் ஏறுவாள், மெதுவாக இறங்குவாள். முதலில் வலித்தது.

“தாங்குற வலின்னா செய். வீங்கினா குறைச்சுக்கோ!” என்றது தவளை.

கொஞ்சம் தேறியதும் துள்ளிக்குப் பழைய திமிர் எட்டிப் பார்த்தது. பெரிய பாறை மேலிருந்து குதித்தாள். முட்டி மாங்காய் போல வீங்கியது!

“அகலக்கால் வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா!” என்று தவளை வைதது. சில நாள் பொறுத்து, மறுபடி தாழ்ந்த கல்லிலிருந்து தொடங்கினார்கள். பிறகு சற்றே உயர்ந்த கல். அப்புறம் அதைவிட உயரம். தொடை திரண்டது. நோவு முழுசாகப் போகவில்லை. அதட்டினால் அடங்குகிற அளவுக்கு வந்தது. நரி வந்தால் மட்டும் துள்ளி பழையபடி படுத்து முனகுவாள்.

மேகம் கறுத்தது. மந்தை உச்சிக்குக் கிளம்பிவிட்டது. தவளையிடம் சொல்லிக்கொண்டு போக ஓடைக்கு வந்தாள் துள்ளி. எதிரே நரி! இந்த முறை வாயில் புல் இல்லை. கூட அதன் மச்சான் நின்றது.

“இவதான் மச்சான்! ரெண்டடி ஏற மாட்டா. முட்ட வர மந்தையும் இல்ல. நல்லாத் தின்னக் கொடுத்து வச்சிருக்கேன்!”

துள்ளி பின்னங்காலை மடக்கினாள். ஒரே தாவு, கல் மேல்! இன்னொரு தாவு, பாறை விளிம்பில்! விட்டேனா பார் என்று நரியும் தாவியது. வழுக்கி, உருண்டு, ஓடைக்கரையில் விழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டது. மச்சான் அதற்குள் ஓட்டம் பிடித்துவிட்டது.

“அண்ணே, முட்டியா?” என்று மேலிருந்து கேட்டாள் துள்ளி. “அசையாமப் படுங்க! புல் கொண்டு வரட்டுமா?”

தவளை சிரித்த சிரிப்பில் தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிட்டது. முதல் தூறல் விழுந்தபோது துள்ளி நிதானமாக ஏறி மந்தையோடு சேர்ந்திருந்தாள்.

நோகிற காலை முடக்கிப் போட்டால் நரிக்குத்தான் லாபம். அளவறிந்து உழைக்க வைத்தால் அந்தக் காலே நம்மை உச்சிக்கு ஏற்றிவிடும்.