மக்காத மனு

காவிரிக் கரையில பூமியைத் துளைச்சு, கல்லெடுத்து, கேஸ் தேடுற ஒரு கேம்ப். அங்க கல்லுப்பெட்டி தூக்குறவர் மாசிலாமணி. வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மனு கொடுத்து மூணு வருஷமாச்சு. மேனேஜர் தனபாலன் கையெழுத்துப் போடவே இல்ல.

சென்னையிலேருந்து பெரிய அதிகாரியம்மா வந்தப்ப, மேனேஜருக்கு அவங்க முன்னாடி மாசிலாமணியை வச்சு விளையாடிப் பாக்கத் தோணிடுச்சு.

"யோவ், மிஷின் இல்லாம இந்த ரெண்டுல எந்தக் கல்லுல கேஸ் இருக்குன்னு சொல்லு. சரியா சொன்னா கையெழுத்துப் போடுறேன். தப்புன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

மாசிலாமணி மணல் கல்லைத் தள்ளி வச்சுட்டு, ஏடு ஏடா இருந்த கருப்புக் கல்லைத் தொட்டாரு.

அதிகாரியம்மா மிஷின் கொடுத்த ரிப்போர்ட்டைப் பாத்தாங்க. "சரிதான். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"மணலு ஓடுற தண்ணி கொண்டாந்ததும்மா. அதுல காத்து கலந்திருக்கும், செத்த பாசியெல்லாம் மக்கிப் போயிடும். இது அசையாத தண்ணிக்கு அடியில படிஞ்ச சேறு. அங்க காத்துப் போகாது, விழுந்தது மக்காம கெடக்கும். அதுதான் பின்னாடி கேஸாகுது."

மேனேஜர் முறைச்சாரு. "இதெல்லாம் எங்கய்யா படிச்சே?"

"உங்க மேசையிலதான் சார். அங்கயும் எதுவும் அசையாது. என் மனு அடியில பத்திரமா இருக்கும்."

அதிகாரியம்மா அந்த மேசையிலயே தோண்டச் சொன்னாங்க. ஃபைல் குவியல்ல ஒண்ணரை அடி ஆழத்துல மனு கிடைச்சுது. ஒரு எழுத்துகூட மக்கல. மேனேஜர் பேனாவைத் திறந்தாரு.