இறங்கி வரட்டும்

“இந்த லிஃப்டுக்கு என்னயக் கண்டாலே ஆகாதும்மா.”

ஆவுடையப்பன் இப்படி முறையிட்டது லிஃப்ட் ஓட்டும் எஸ்தரிடம்.

அவருக்கு வயது அறுபத்தேழு. அவளுக்கு முப்பது இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் தரைத்தளம். அதற்கும் கீழே, பூமிக்கடியில், ஸ்கேன் எடுக்கிற கீழ்த்தளம். காலை பத்து மணி.

அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். பெரியது நோயாளிகளுக்கு. அதற்குள் ஒரு ஸ்டூல் போட்டு எஸ்தர் உட்கார்ந்திருப்பாள். சின்னது, பார்க்க வருகிறவர்களுக்கு. அதற்கு ஆள் கிடையாது. சுவரில் இரண்டு பொத்தான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எஸ்தர் கேட்பது ஒன்றே ஒன்று.

“மேலயா, கீழயா?”

ஒன்பது வருஷமாக அதைத்தான் கேட்கிறாள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் பதில் தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறாள்.

“அது என்ன செஞ்சுச்சு அண்ணாச்சி?”

“மூணு நாளா வாரேன். முந்தாநேத்து கீழ்த்தளத்துலேர்ந்து மேல வந்துச்சு. வாசல்லயே நிக்கேன். நிக்காமப் போயிட்டு. என்னயத் தாண்டிப் போயிட்டும்மா!”

“நேத்து?”

“நேத்து வந்துச்சு. கதவு தொறந்துச்சு. ஏறி அஞ்ச அமுக்குனேன். நேரா கீழ கொண்டு போயி ஸ்கேன் ரூம் வாசல்ல விட்டுட்டு. அங்க ஒரு நர்சம்மா, ‘வெறும் வயித்தோட வந்திருக்கீங்களா’ன்னு கேக்கா.”

எஸ்தர் சிரிக்கவில்லை. அந்த வேலையில் சிரிப்பை அடக்கத் தெரிய வேண்டும்.

“பெறவு?”

“பெறவென்ன? வீட்டுக்குப் போயிட்டேன்.”

“அதே லிஃப்ட்ல அப்பிடியே மேல போயிருக்கலாம்லா?”

“மனசு விட்டுப் போச்சும்மா. போவக் கூடாதுன்னு இருக்கு போல.”

“மாடிப்படி?”

அவர் வேட்டியை லேசாகத் தூக்கி முழங்காலில் போட்டிருந்த உறையைக் காட்டினார்.

“இன்னைக்கும் இப்பத்தான் தாண்டிப் போச்சு. நீயும் பாத்தேல்லா?”

“பாத்தேன்.”

“காரணம் தெரியுமா?”

“சொல்லுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“செல்போன். அதுல வாற கதிரு, லிஃப்டோட மூளையக் குழப்பிருதாம். வாட்ஸ்அப்ல வந்திருந்துச்சு. அதனால இன்னைக்கு ஒம்போது மணிக்கே ஆஃப் பண்ணிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது.

“ஆஃப் பண்ணியும் நிக்கலியே அண்ணாச்சி?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“பழைய கதிரு உள்ள தங்கியிருக்கும்.”

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பாடம் எடுத்திருப்பார்கள். எஸ்தர் எடுக்கவில்லை. முந்தாநாளே ஒரு தடவை, “அண்ணாச்சி, மேல உள்ள பொத்தான அமுக்குங்க” என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். “எனக்குத் தெரியும்மா. முப்பத்தஞ்சு வருஷம் பஸ் டிப்போல நேரம் பாத்தவன்” என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டாள். சில பேருக்குச் சொல்லக் கூடாது, கேட்கத்தான் வேண்டும்.

“அஞ்சாவது மாடில யாரு?”

“தம்பி. சொர்ணலிங்கம். பத்தரைக்கு ஆப்பரேஷன். நெஞ்சத் தொறந்து செய்யுதாவளாம்.”

வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மூணு நாளா வாறவரு இன்னும் பாக்கலியா?”

“லிஃப்ட் நிக்கலியே.”

எஸ்தர் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பேச்சுவார்த்த இல்லம்மா. ரெண்டு வருஷமாச்சு.”

“ஏன்?”

“இந்தச் சனியன் பிடிச்ச போனாலதான். சார்ஜ் கம்மியா இருக்கும்போது பேசுனா ஆயிரம் மடங்கு கதிரு வரும்னு ஒண்ணு வந்துச்சு. நம்ம பிள்ளைகளுக்கு ஆகட்டுமேன்னு குடும்ப குரூப்புல போட்டேன். இவன் அதுக்குக் கீழயே எழுதுதான். ‘இது சுத்தப் பொய். அண்ணனுக்குப் பொழுது போகல. யாரும் நம்பாதீங்க.’ நாப்பத்திமூணு பேரும்மா அந்தக் குரூப்புல! என் மச்சினன் சிரிக்கிற பொம்ம போட்டான்.”

“நீங்க என்ன போட்டீங்க?”

“நான் வெளிய வந்துட்டேன்.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அவன் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் வாத்தியாரு. படிச்சவன். சின்னதுல எங்கப்பாவோட ரேடியோவப் பிரிச்சுப் போட்டுட்டான். திரும்ப மாட்டத் தெரியல. நான்தான் பிரிச்சேன்னு சொல்லி அடி வாங்குனேன். அன்னைக்கு நான் வாங்குன அடியிலதான் அவன் எலக்ட்ரிகல் படிச்சான்.”

“அவரு எழுதுனது பொய்யா அண்ணாச்சி?”

“அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.” இதை அவர் யோசிக்காமலே சொன்னார். “நான் அதக் கேக்கலம்மா. எனக்குத் தனியா ஒரு போனப் போட்டு, ‘அண்ணே, அது தப்பு’ன்னு சொல்லியிருக்கலாம்லா?”

அது நியாயம்தான். எஸ்தரும் தலையை ஆட்டினாள்.

“சரி, இப்ப போயிப் பேசிர வேண்டியதான?”

“நான் மூத்தவன். அவன் இறங்கி வரட்டும்.”

அவருக்குப் பயமாக இருந்தது. தம்பி செத்துப் போய்விடுவானோ என்று பயம். போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று அதைவிடப் பெரிய பயம். இதில் எதையும் லிஃப்ட் ஓட்டுகிற பெண்ணிடம் சொல்ல முடியாது. அதனால் லிஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் ஸ்டூலிலிருந்து எட்டிச் சின்ன லிஃப்டைப் பார்த்தாள். சுவரில் இரண்டு அம்புக்குறி. கீழே பார்த்த அம்புக்குறியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அந்தப் பொத்தான அமுக்குனது யாரு?”

“நான்தான்.”

“மூணு நாளும் அதேதானா?”

“அதேதான்.”

“நீங்க எங்க போவணும்?”

“என்னம்மா நீ, எத்தன தடவ சொல்ல? அஞ்சாவது மாடி.”

“மேலதான?”

“மேலதான்.”

“பின்ன ஏன் கீழ போற பொத்தான அமுக்கியிருக்கீங்க?”

ஆவுடையப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கே இது தெரியவில்லையே என்று.

“லிஃப்ட் மேலல்லா நிக்குது? நான் கீழ நிக்கேன். அது வந்தாத்தான நான் ஏற முடியும்? அதான், இறங்கி வரட்டும்னு...”

பாதியில் நிறுத்தினார். இந்த வார்த்தையைச் சற்று முன்னால் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

“அத இறங்கி வான்னு சொல்லதுக்கு இங்க பொத்தானே கிடையாது அண்ணாச்சி,” என்றாள் எஸ்தர்.

“பின்ன ரெண்டு எதுக்கு?”

“அது உங்ககிட்ட கேக்குது. மேலயா, கீழயான்னு.”

அவர் அந்த இரண்டு அம்புக்குறியையும் திரும்பிப் பார்த்தார்.

“மூணு நாளா நீங்க கீழ போவணும்னு சொல்லுதீங்க. மேல போற லிஃப்ட் உங்களுக்காக எப்பிடி நிக்கும்?”

அப்போது பெரிய லிஃப்டுக்குள் மணி அடித்தது. எஸ்தர் பலகையைப் பார்த்தாள். ஐந்து என்ற எண் எரிந்தது.

“ஸ்ட்ரெச்சர். உங்க தம்பியாத்தான் இருக்கும். ரெண்டாவது மாடி தியேட்டருக்கு இறக்கணும்.”

ஆவுடையப்பன் சுவரிலிருந்து விலகி நின்றார்.

“என்னயும் கூட்டிட்டுப் போம்மா.”

“இது பேஷண்டுக்கும் கூட வாற ஒரு ஆளுக்கும்தான். உங்க கூட பேஷண்ட் இல்லியே.”

“நீ பாத்து ஏத்துனா யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாவ,” என்றாள் எஸ்தர். கதவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தனியாக நின்றார்.

கோபம் வந்தது. என்ன பெண் இவள், ஈரமே இல்லையே என்று நினைத்தார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே ஆட்டோக்கள் நின்றன. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். மனைவி கோமதி இரண்டு நாளாக அதை நம்பினாள். நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்தாளா என்பது வேறு விஷயம். இன்று அவள் விடியற்காலையிலேயே தனியாக வந்து மேலே இருக்கிறாள்.

திரும்பிச் சின்ன லிஃப்டைப் பார்த்தார். அது மேலேயிருந்து வந்து கதவைத் திறந்தது; அவர் ஏறாததால் மூடிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது.

மேலே பார்த்த அம்புக்குறியை மூன்று நாளில் அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடுவதற்கு விரலை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். எதற்குத் தயங்க வேண்டும்? வெறும் பொத்தான்.

அமுக்கினார்.

விளக்கு எரிந்தது.

கீழ்த்தளத்திலிருந்து லிஃப்ட் புறப்படும் சத்தம் கேட்டது. இப்போது தாண்டிப் போய்விடும் என்றுதான் நினைத்தார். தாண்டிப் போனால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

நின்றது. கதவு திறந்தது.

உள்ளே பிளாஸ்க் வைத்திருந்த ஓர் அம்மாள், “மேல போகுது,” என்றாள்.

“நானும் மேலதான்,” என்றார் ஆவுடையப்பன்.

ஐந்தாவது மாடியில் ஸ்ட்ரெச்சர் இன்னும் பெரிய லிஃப்டுக்குள் ஏறவில்லை. வாசலிலேயே நின்றது. எஸ்தர் அதைத் தள்ளிவந்த ஆளிடம், “சக்கரம் கோணலா இருக்கு, பின்னால எடுத்து நேரா விடுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தடவ நேராத்தானக்கா விட்டேன்?” என்றான் அவன்.

“இன்னொரு தடவ விடுங்க.”

சின்ன லிஃப்டின் கதவு திறந்தது. எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. “இப்ப சரியா இருக்கு,” என்றாள்.

ஸ்ட்ரெச்சரில் சொர்ணலிங்கம் படுத்திருந்தார். பச்சைத் துணி போர்த்தியிருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் அந்த முகம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. தலைமாட்டில் அவர் மனைவி அழுதுகொண்டு நின்றாள். கோமதி அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

ஆவுடையப்பன் முழங்காலை இழுத்து இழுத்துப் பக்கத்தில் வந்தார். ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சொர்ணலிங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அண்ணனா?”

“நான்தாம்லே.”

“ஒம்போது மணியிலேர்ந்து கூப்பிடுதேன். ஏழெட்டுத் தடவ. போன் ஆஃப்னே வருது.”

ஆவுடையப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது.

“லிஃப்டுக்கு ஆகாதுன்னு ஆஃப் பண்ணி வச்சுட்டேன். கதிரு...”

சொல்லிவிட்ட பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி மனைவி அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

சொர்ணலிங்கம் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் எலக்ட்ரிகல் பாடம் நடத்திய வாய்.

மூடிக்கொண்டார். ஒரு மூச்சு விட்டார்.

“நல்லதுதாண்ணே,” என்றார். “கதிரு வரத்தான் செய்யும். ஆஃப் பண்ணினதே நல்லது.”

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

“இல்லலே,” என்றார். “போனும் இல்ல, கதிரும் இல்ல. நான்தான் பொத்தான மாத்தி அமுக்கிட்டு நின்னிருக்கேன்.”

தம்பியின் கை போர்வைக்கு வெளியே வந்தது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நேரமாச்சு,” என்றாள் எஸ்தர். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. “பேஷண்ட் கூட ஒரு ஆளு வரலாம். யாரு?”

இரண்டு பெண்களும் ஒதுங்கி நின்றார்கள்.

ஆவுடையப்பன் கையை விடாமலே உள்ளே வந்தார். கதவு மூடியது. எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“மேலயா அண்ணாச்சி, கீழயா?”

“நானும் இறங்குதேம்மா,” என்றார் ஆவுடையப்பன்.