வலிக்கு மூன்று காவல்காரர்

அந்த மலைமடத்தில் காலையில் பனி இறங்கினால் உச்சிவேளை வரை எழுந்திருக்காது. எதிரே நிற்பது மரமா ஆளா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒரு காலையில் மாசிலாமணி வந்து நின்றார். உட்காரவில்லை. உட்கார முடியாது. இடுப்பிலிருந்து இடதுகால் சுண்டுவிரல் வரை, பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று உள்ளே கிடந்தது. மூன்று வருஷமாக ஆறவில்லை.

மடத்துக்குத் தலைவி குழலி அம்மை. மாசிலாமணியைவிட வயதில் சின்னவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மாசிலாமணி மூன்று மாத்திரை அட்டைகளை அவர் முன்னால் வைத்தார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள்.

"இதில் எது அம்மா நல்லது?"

"டாக்டர் யார், நானா?"

"அவர் மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டார். வெள்ளையில் பாதி வலி போயிற்று. வயிறு எரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்துக்கு ஆகாது, நிறுத்துங்கள் என்றார். சிவப்பு, படுக்கும்போது போடுவது. தூக்கம் வந்தது. வாய் காய்ந்து ஓலையாகிவிட்டது. மஞ்சள்..."

"மஞ்சள்?"

"அது சொர்க்கம் அம்மா. வலி என்ற பேச்சே இல்லை. நடந்தால் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது. பக்கத்தில் பேசுகிறவர் அடுத்த மலையில் பேசுவதுபோல் கேட்கிறது."

"பிறகென்ன குறை?"

"மருதாயிக் கிழவிக்குத் தாலாட்டுப் பாடிவிட்டேன்."

அம்மையின் கை நின்றது.

அந்த மலையில் ஒரு வழக்கம். உயிர் பிரியும் வேளையில், தலைமாட்டில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து வழியனுப்புப் பாட்டுப் பாட வேண்டும். அடி மாறக் கூடாது. நடுவில் எழக் கூடாது. சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் பாடுகிறவர் மாசிலாமணி.

"கிழவி என்ன செய்தாள்?"

"கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள்."

"பேரன்கள்?"

"அடிக்க வந்தார்கள். அதுவும் அடுத்த மலையில் நடப்பதுபோல்தான் இருந்தது."

அம்மை சிரிக்கவில்லை. கையிலிருந்த கீரைதான் கொஞ்சம் குலுங்கியது.

"இப்போது சடையன் கிடக்கிறான் அம்மா. என்னோடு ஆடு மேய்த்தவன். இந்த மாதம் தாண்டாது என்கிறார்கள். 'நீதான் பாடணும், ஆனா எனக்குத் தாலாட்டு வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். மாத்திரை போடாவிட்டால் உட்கார முடியாது. போட்டால் பாட முடியாது. டாக்டரோ, உங்களுக்கு என்ன வேணும் என்று என்னையே கேட்கிறார். வலியே கூடாது என்றேன். இன்னும் பலமாக ஒன்று இருக்கிறதாம். பழகிவிட்டால் விடாதாம். நீங்களே சொல்லுங்கள். எது நல்லது?"

அம்மை அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தார்.

"ஒருவனுடைய கொல்லைக்குக் காட்டுப்பன்றி வந்தது. தினமும் வந்தது. காவலுக்கு ஆள் தேடினான். முதல் ஆள் பன்றியை விரட்டினான். விரட்டிவிட்டு, மண்ணுக்குள் இருந்ததையெல்லாம் சத்தமில்லாமல் தோண்டித் தின்றான். மேலே எல்லாம் பச்சையாகவே இருந்தது. இரண்டாவது ஆள் நல்லவன். ஆனால் அவனுக்குத் தீராத தாகம். கிணற்றை வற்றடித்துவிட்டான்."

"மூன்றாவது ஆள்?"

"குழல் ஊதினான். பன்றி தூங்கிப்போயிற்று. நாய் தூங்கிற்று. கொல்லைக்காரனும் பெண்டாட்டியும் தூங்கினார்கள். கிளி வந்து விளைந்ததைக் கொத்திக்கொண்டு போனது ஒருவருக்கும் தெரியாது."

"நான்காவது ஒருவன் இருப்பானே அம்மா, பலசாலி."

"இருந்தான். வேலைக்கு வந்தால் வீட்டுக்குத் திரும்பமாட்டான். கொல்லைக்காரன் அவன் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டான்."

மாசிலாமணி வலது காலுக்கு மாறி நின்றார்.

"இவர்களில் யார்தான் நல்ல காவல்காரன்?"

"கொல்லையில் என்ன விதைத்திருந்தது?"

"நீங்கள் சொல்லவில்லையே."

"அவனும் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய், யார் நல்ல காவல்காரன் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்."

பனிக்குள் எங்கோ ஓர் ஆட்டுமணி கேட்டது. அடுத்த மலையிலா, பக்கத்திலா, தெரியவில்லை.

"பாட்டு அம்மா," என்றார் மாசிலாமணி. "பாட்டுத்தான் விதைத்திருக்கிறேன்."

"என்னிடம் ஏன் சொல்கிறீர்? டாக்டரிடம் போய்ச் சொல்லும். இந்த அட்டைகளை எடும். கீரை மேல் வைத்திருக்கிறீர்."

மாசிலாமணி பனிக்குள் இறங்கிப் போனார்.

"நான் பாடணுங்க," என்றார் டாக்டரிடம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை தடவை வந்தீங்களே ஐயா, இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

"கேட்டேன். நீங்க வலியைப் பத்தி மட்டுந்தான் சொன்னீங்க."

மஞ்சளைச் சட்டென்று விடக் கூடாது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, படுக்கும்போது மட்டும் சின்ன அளவில் போட்டால் போதும் என்று ஆக்கினார்.

"பகல்ல வலிக்கும்," என்றார் டாக்டர்.

"எவ்வளவு?"

"உட்கார்ந்து பாருங்க, தெரியும்."

சடையன் மாதம் முடியக் காத்திருக்கவில்லை. கூப்பிட்ட அன்று அவன் வீட்டுக்குள்ளும் பனி வந்து படுத்திருந்தது. தலைமாட்டில் மாசிலாமணி சம்மணமிட்டார். பாட்டு அடி அடியாக வந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. குரல், சொல், கீழே தரை.

நடுப்பாட்டில் பன்றியும் வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டு, இடுப்பு வழியாக, மெதுவாக. ஓர் அடி முனகலாகப் போயிற்று.

சடையன் கண்ணைத் திறக்கவில்லை. "வலிக்குதாடா?"

"ஆமாடா."

"எனக்குந்தான். பாடு."

பாடினார். கடைசி அடியை முடித்தபோது கேட்க அவன் இல்லை. மாசிலாமணியை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் மடத்துக்குப் போனார். அம்மை ஆய்ந்துகொண்டிருந்தது இன்று அவரைக்காய்.

"பன்றி வந்ததா?"

"வந்தது."

"எவ்வளவு தின்றது?"

"ஒரு பாத்தி."

"மற்றது?"

"சடையனோடு போயிற்று."

அம்மை ஒரு காயைப் பிட்டார். புழு இருந்தது. அந்தத் துண்டை மட்டும் வெளியே எறிந்தார்.

"அடுத்த முறை," என்றார், "அந்த ஒரு பாத்தியைப் பன்றிக்கென்றே விதைத்துவிடும்."