தெருவில் இறங்காத கூடை

கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து, படகு, வலை, கரையோரச் செடி என்று எல்லாவற்றிலும் கறுப்பாய் அப்பிக்கிடந்த மாதம் அது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோதண்டபாணி தன் தெரு ஆட்களைத் திரட்டிக்கொண்டு கரைக்குப் போனார். முழங்கால் சேற்றில் நின்று வாளி வாளியாக எண்ணெய் அள்ளினார். வீடு வீடாக ஏறி அரிசியும் போர்வையும் சேர்த்து மீனவக் குப்பத்தில் கொடுத்தார்.

ஒரு மாலை, தெருமுனையில் குடியிருந்த மங்கை அம்மையைப் பார்க்க வந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் கோதண்டபாணி அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தபடியே கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"நம்ம தெருவுக்கு மீன் கொண்டு வருமே, சவரியம்மாள், அதுக்கு இன்னைக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தேன். வாங்கிக்கிச்சு. கும்பிட்டுச்சு. ஆனா முகம் கொடுத்துப் பேசல. வாய் ஓயாமப் பேசுற ஆளு."

"வருத்தமா?"

"வருத்தம் இல்லம்மா. ஏன்னு தெரிஞ்சுக்கணும்."



"காலையில அவ கூடவே போங்க. கூடையை நீங்க தூக்குங்க."

"கூடையா? இப்பத்தான் தொழிலே இல்லையே!"

"போய்ப் பாருங்க."

மறுநாள் சவரியம்மாள் பேருந்திலிருந்து இறங்கினாள். கூடையில் பனிக்கட்டிக்கு அடியில் சங்கராவும் மத்தியும் பளபளத்தன. கோதண்டபாணிக்கு ஆச்சரியம்.

"இது ஏது?"

"தெக்கால துறைமுகத்துல ஏலம் எடுத்தது சார். அங்க எண்ணெய் வரல. நான் தினமும் வந்துட்டுத்தான் இருக்கேன். நீங்க பாக்கல."

அவர் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

தெருமுனையில் மங்கை அம்மை பாத்திரத்தோடு காத்திருந்தார். அவர்தான் போணி. கொஞ்சம் மத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது மருந்துக்கடை வேதாசலத்தின் வீடு. அரிசி கேட்டபோது கண்கலங்கி, மற்ற எல்லாரையும்விட அதிகமாக அள்ளிக் கொடுத்தவர் அவர்தான்.

"எண்ணெய் மீனா சார்? குழந்தைங்க இருக்கிற வீடு."

"அது வேற கடல், இது வேற கடல். செவுளைத் தூக்கிப் பாருங்க," என்றார் கோதண்டபாணி.

"இருக்கட்டும் சார். பாவம், இன்னும் ஒரு மூட்டை அரிசி வேணா அனுப்பி வைக்கிறேன்."

எதிர்வீட்டில் கூடையைக் கண்டதுமே கதவைச் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டு அம்மாள் நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். "மீன் வேணாம், இதை வச்சுக்க." சவரியம்மாள் அந்தத் தாளைக் கேட்டின் மேலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

"வாங்கிக்கலாமே?" என்றார் கோதண்டபாணி.

"அரிசி வாங்கினேனே சார், புள்ளைங்களுக்காக. இந்தத் தெருவுல நான் யாபாரம் பண்றவ."



கோதண்டபாணியின் வீடு வந்தது. அவர் மனைவி வாசலில் நின்றிருந்தாள். எண்ணெய் வரும்வரை, வெள்ளிக்கிழமை போக மற்ற நாளெல்லாம் சவரியம்மாள் கூடை இறக்கிப் பேசிக்கொண்டிருந்த வாசல். சவரியம்மாள் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போனாள். கோதண்டபாணியும் அவள் பின்னாலேயே போனார்.

தெரு முடிவதற்குள் பனிக்கட்டி உருகி அவர் சட்டையெல்லாம் ஈரம். சவரியம்மாள் கூடையை வாங்கிக்கொண்டாள்.

"கெட்டுப் போறதுக்குள்ள உப்பு போட்டுக் காய வைக்கணும். வரேன் சார்."

கோதண்டபாணி வீட்டுக்குப் போய்க் குளித்தார், சாப்பிட்டார். படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து நேராக அம்மையிடம் வந்தார்.

"அவ ஏன் பேசலைன்னு தெரிஞ்சுதும்மா."

"ம்."

"நீங்க பண்ணின போணியோட சரி. அதுக்கப்புறம் ஒரு மீன் போகல. அள்ளி அள்ளிக் கொடுத்த அதே கைங்கம்மா! சுத்தமான மீன்னு வீடு வீடா நின்னு சொன்னேன். ஒருத்தர் காதுல ஏறல. இந்தத் தெருவுக்கு எதைச் சொல்லிப் புரியவைக்கிறது?"



"சாப்பிட்டீங்களா ஐயா?"

"ஆச்சும்மா."

"என்ன குழம்பு?"

"பருப்புக் குழம்பு," என்றார் கோதண்டபாணி. பிறகு மெல்ல, "எங்க வீட்டுலயும் மீன் வாங்கலம்மா," என்றார்.