வாசலில் நின்ற காலாள்

எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று கேட்காதீர்கள். போரில்லாமல் ராஜாக்களுக்குப் பொழுது போகாத காலத்தில், விசயகண்டன் என்றொரு மன்னன் இருந்தான். எல்லையில் சில கொள்ளைக் கூட்டங்கள் இருந்தன. அவற்றை மலைக் கணவாய்க் கோட்டையில் இருந்த தலைவன் கொற்றன் பார்த்துக்கொண்டான். அரண்மனையில் மன்னனுக்குக் கொட்டாவி விடுவதைத் தவிர வேலையில்லை.

ஒருநாள் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. சபையின் நடுவே கட்டம் போட்ட பெரிய துணி ஒன்றை விரிக்கச் சொன்னான். யானை, குதிரை, வில்லாள், காலாள் என்று மரக்காய்கள் செய்வித்தான். அமைச்சர்கள் ஆளுக்கொரு வீரனாக மாற வேண்டும். அந்த வீரனுக்குப் பெயரும் ஊரும் ஆயுதமும் சொல்ல வேண்டும். பகடை உருட்டிப் போர் செய்ய வேண்டும். விதிகளை மன்னனே வகுப்பான்.

எதிரியைக் கடைசியாக வெட்டி வீழ்த்துபவனுக்கே புகழ் என்பது முதல் விதி. உடனே எல்லா வீரர்களும் ஒதுங்கி நின்று, வேறு யாராவது எதிரியைக் களைப்பாக்கட்டும் என்று காத்திருந்தார்கள். மன்னன் எரிச்சலடைந்து, முதலில் வெட்டுபவனுக்கே புகழ் என்று மாற்றினான். மறுநாள் எல்லோரும் முண்டியடித்து ஓடி, உச்சிப் பொழுதுக்குள் மொத்தப் படையும் மாண்டது. ஆயுதத்தோடு நிற்கும் எதிரியின் முன் காலைப் பின்வைப்பவன் வெட்டுப்படுவான் என்று அடுத்த விதி வந்தது. அதற்குப் பின் ஒரு காயும் அசையவில்லை. எதிரெதிரே நின்றபடி நாள் முழுக்கப் பகடை உருட்டினார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், முறை வரும்போது ஒரு காயையாவது நகர்த்தியே தீர வேண்டும், நகர்த்த முடியாதவன் தோற்றவன் என்றான். கோட்டைக்குள் இருப்பவனை எந்த அம்பும் தொடாது என்றும் ஒரு விதி இருந்தது. ஆகவே எல்லோரும் கோட்டைக்குள்ளேயே அடைந்துகொண்டார்கள். ஆயுதமில்லாதவனை அடிக்கலாகாது என்று தர்மத்துக்காகவும் ஒரு விதி சேர்த்திருந்தான். அதை யாரும் சீண்டவில்லை. எவனாவது போரில் வாளைக் கீழே போடுவானா?

இதற்கிடையே வாய்க்கால் வெட்டக் கேட்டு வந்த குடிகள் வாசலில் வெயிலில் காய்ந்தார்கள். உள்ளே, கிணறு வரைந்த கட்டத்தை யானை தாண்டுமா தாண்டாதா என்று பெரியவர்கள் தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்தில் சேராதவன் சபை விகடன் அம்பலக்கூத்தன். மன்னன் அழைத்தபோதெல்லாம் தலைவலி, பல்வலி, மாமியார் வருகை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவந்தான்.

மன்னனுக்கோ ஆத்திரம் தலைக்கேறியது. தன் சபையில் ஒருவனுக்கும் வீரமில்லை, ஒருவன் பதுங்குகிறான், ஒருவன் குருட்டுத்தனமாகப் பாய்கிறான் என்று புலம்பினான். சேனை மந்திரி உத்தமசீலர் இதற்காகத்தான் காத்திருந்தார். இந்த ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தோற்காதவன் தம் மைத்துனன் சந்திரசேனன் என்றும், கொற்றனை நீக்கிவிட்டுக் கணவாய்க் கோட்டையை அவனிடம் ஒப்படைக்கலாம் என்றும் நயமாகச் சொன்னார். மன்னனும் தலையசைத்தான்.

அந்தக் கோட்டைக்குக் கீழேதான் எல்லைக் கிராமங்கள் இருந்தன. சந்திரசேனன் நிஜக் குதிரையில் ஏறினால் சேணத்தை இருவர் பிடிக்க வேண்டும். அம்பலக்கூத்தன் பொறுக்கமாட்டாமல் எழுந்து, மரக்குதிரையை நகர்த்தியவனிடம் மலைக் கணவாயைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டான்.

மந்திரி புன்னகைத்தார். “விகடருக்குக் கொற்றன்மேல் அவ்வளவு நம்பிக்கையென்றால், அவன் சார்பாக இவரே ஆடட்டும், மன்னா. தோற்றால் கொற்றனோடு இவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

மன்னன் சம்மதித்தான். படையைப் பிரிக்கும் பொறுப்பும் மந்திரியிடமே போனது. யானைகளும் குதிரைகளும் சந்திரசேனனுக்கு. அம்பலக்கூத்தனுக்குச் சில வில்லாட்களும் காலாட்களும் மட்டும். அவன் காய்களைப் பார்த்தான், மன்னனைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். விதிகளை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

சந்திரசேனன் வழக்கம்போல் தன் படை முழுவதையும் கோட்டைக்குள் திணித்தான். உள்ளே எள் போட இடமில்லை. வாசல் கட்டம் ஒன்றுதான் காலி. முறை வரும்போது ஒரு குதிரையை வாசலுக்கு நகர்த்துவான். அடுத்த முறை, அம்பு படுமுன் உள்ளே இழுத்துக்கொள்வான். இப்படித்தான் அவன் யாரிடமும் தோற்காமல் இருந்தான். எதிரிகள் சலித்துப்போய்த் தாமாகவே மதிலில் மோதிச் சாவார்கள்.

அம்பலக்கூத்தன் வில்லாட்களைத் தூரத்தில் நிறுத்தினான். பிறகு ஒரு காலாளை எடுத்து, அவன் கையிலிருந்த ஈர்க்குச்சி ஈட்டியைப் பிடுங்கித் துணியின் ஓரத்தில் வைத்தான். அந்தக் காலாளைக் கட்டம் கட்டமாகக் கோட்டையை நோக்கி நடத்தினான்.

சபை சிரித்தது. சந்திரசேனனும் சிரித்தான். வெறுங்கையோடு வருபவனை அடிக்க முடியாது, அவனும் யாரையும் அடிக்க முடியாது. வரட்டுமே என்று விட்டான். வில்லாட்கள்மேல் மட்டும் ஒரு கண் வைத்து, வாசலில் நின்ற குதிரையை உள்ளே இழுத்துக்கொண்டான். அடுத்த முறையில் அம்பலக்கூத்தன் தன் காலாளை அந்த வாசல் கட்டத்தில் வைத்தான்.

“உம் முறை” என்றான்.

சந்திரசேனன் யானையைத் தொட்டான். அதற்கு இடமில்லை. குதிரையைத் தொட்டான். அதற்கும் இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு காய்தான் நிற்கலாம். வாசலில் நிற்பவனை வெட்டலாமென்றால் அவன் கையில் ஆயுதமில்லை. சபையில் சிரிப்பு அடங்கிவிட்டது.

மன்னன் துணியின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான். “நகர்த்த முடியாதவன் தோற்றவன்” என்று மெல்லச் சொன்னான்.

உத்தமசீலர் துள்ளி எழுந்தார். இது போரே இல்லை, எந்த மடையன் ஆயுதமில்லாமல் பகைவன் வாசலில் போய் நிற்பான் என்று குமுறினார்.

“அதைத்தானே நானும் சொல்றேன், ஐயா” என்றான் அம்பலக்கூத்தன். இத்தனை நாள் அடக்கிய சலிப்பில் சபைத் தமிழ் மறந்துபோயிருந்தது. பிறகு மன்னன் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “மன்னா, தங்கள் அமைச்சர்கள் கோழைகளும் அல்லர், மூர்க்கர்களும் அல்லர். தாங்கள் எதற்குப் புகழ் வைத்தீர்களோ அதைச் செய்தார்கள். விதி மாறியதும் அவர்களும் மாறினார்கள். தர்ம விதியை இன்று எடுத்துவிடுங்கள், நாளைக்கு நானும் ஈட்டியோடு வேறு மாதிரி ஆடுவேன். ஆனால் கணவாயில் வரும் கொள்ளைக்காரனுக்குத் தங்கள் விதி எதுவும் தெரியாது. வெறுங்கையோடு போனால் முதல் அம்பு எனக்குத்தான். அங்கே மூடுபனியும் சரியும் பாறையும்தான் விதி. அதைக் கற்றவன் கொற்றன் ஒருவனே.”

துணியின் நடுவே, யானைகளையும் குதிரைகளையும் அடைத்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னக் காலாளை மன்னன் விரல் நுனியால் தொட்டான். முதலில் அவன் தோள் குலுங்கியது. பிறகு சபையே அதிரும்படி சிரித்தான். சந்திரசேனனும் வேறு வழியின்றிச் சிரிக்க, மந்திரி மட்டும் உட்கார்ந்துகொண்டார்.

கொற்றன் கோட்டையிலேயே இருக்க ஆணை போயிற்று. வாய்க்கால் கேட்டு வந்தவர்களை உடனே உள்ளே அழைத்தார்கள். மன்னன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனுக்கு அணிவித்தான்.

“இன்னொரு பரிசும் உண்டு” என்றான். “இந்த ஆட்டத்தை உம்மைப்போல் அறிந்தவர் இல்லை. இன்றுமுதல் விதி வழக்குகளையெல்லாம் நீரே தீர்த்துவைப்பீர்.”

அம்பலக்கூத்தனின் முகம் தொங்கிப்போனது. மாலை மட்டும் போதும் என்று அவன் சொல்வதற்குள், இரண்டு அமைச்சர்கள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, யானை கிணற்றைத் தாண்டுமா என்று ஒரே குரலில் கேட்டார்கள். மன்னனுக்கு அன்று சிரிப்பை அடக்கவே முடியவில்லை.