புது வீட்டுக்கு ஒரு குடித்தனம்

தணிகாசலம் ஆசிரமத்துக்கு வந்தபோது சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிஷ்யர் தணிகாசலத்துக்கு அறுபது நெருங்குகிறது. டவுனில் எலக்ட்ரிக்கல் கடை, சொந்தமாக மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினாலும் சாமியைப் பார்க்க வந்துவிடுவார். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கும்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு கொத்தை எடுத்துத் தானும் உருவ ஆரம்பித்தார்.

“சாமி, ஒரு யோசனை கேக்கணும்.”

“கேளுங்க.”

“பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு வீடு விலைக்கு வருது. வாங்கி வாடகைக்கு விட்டா, வர்ற வாடகையிலேயே லோன் அடைஞ்சிடும். பேங்க்ல சரின்னுட்டாங்க. முன்பணம் மட்டும் நம்ம கையிலேர்ந்து போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“எப்படிப் போடறதா இருக்கீங்க?”

“அதுதான் சாமி, தூக்கமே வரல. சம்சாரத்தோட நகையை அடகு வைக்கலாம். நாலு பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோட எப்படிப் போவேன்னு ஒரு வருஷத்துக்குப் பேசமாட்டா. ஏலச்சீட்டை இப்பவே தள்ளி எடுத்தா பாதிதான் கைக்கு வரும். கடைச் சரக்குல கை வெச்சா கடை படுத்துடும்.”

“அப்புறம்?”

“மாடிப் போர்ஷனைப் போக்கியத்துக்கு விடலாம். மொத்தமா ஒரு தொகையைக் கையில கொடுத்துட்டு, வாடகை இல்லாம இருந்துக்குவாங்க. ஆள்கூட ரெடி. ஆனா அங்க எங்க அக்கா பூங்காவனம் இருக்கா. மாமா தவறினதுலேர்ந்து அங்கதான். வேற எங்கனா பாத்துக்கோன்னு சொன்னா பாத்துக்குவா. வாயில்லாப் பூச்சி சாமி, எதுவும் கேக்கமாட்டா.”

சாமி காம்புகளை ஒதுக்கினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே பாதிச் சம்மதம் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. ஆசை வந்துவிட்டால் எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

“வீடு வாங்கினதும் குடித்தனம் வேணும் இல்ல?” என்றார் சாமி.

“ஆமா சாமி.”

“வீடு தேடற ஆள் ஒருத்தங்க இருக்காங்க. உங்க வீட்டையே கொடுக்கலாமே.”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டுக்காரர் குரல் வந்துவிட்டது.

“எத்தனை பேர்?”

“ஒண்டி ஆள். பொம்பளை.”

“என்ன வேலை?”

“அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தெச்சுக் கொடுக்கறாங்க.”

“வாடகை மாசாமாசம் வந்துடுமா?”

“தீபாவளி, பொங்கல்னா வரும். மத்த மாசம் சொல்ல முடியாது.”

“அய்யய்யோ! அட்வான்ஸ்? பத்து மாச வாடகை முன்னாடியே வெக்கணுமே.”

“கையில ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்களேன்.”

தணிகாசலம் சிரித்தே விட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க இந்த மாதிரி விஷயத்துல பச்சைக் குழந்தை. அட்வான்ஸ் இல்லாம எவனும் சாவியைக் கண்ணுல காட்டமாட்டான். அதுலயும் ஒண்டிப் பொம்பளை, வயசு வேற ஆகியிருக்கும். நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா யார் பாக்கறது? நான்னு இல்ல, டவுன்ல ஒருத்தன் கொடுக்கமாட்டான்.”

“அப்ப அவங்க எங்கதான் போறது?”

“கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருப்பாங்க இல்ல சாமி? அங்க போய் இருக்கச் சொல்லுங்க. அதுதான் முறை.”

சாமி கடைசிக் கொத்தையும் உருவி முடித்து, மடியில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டி முறத்தில் போட்டார்.

“அங்கதான் இருக்காங்க தணிகாசலம். உங்க மாடியில.”